சாக்ரன்டீனோ குடிச்சா வாய் ஏன் காயுது?

இத்தாலி ஒயின்னாலே டஸ்கனிதான்னு சொல்லுவாங்க, கொஞ்சம் வெவரம் தெரிஞ்சவங்க பியட்மான்ட் வரைக்கும் போவாங்க, ஆனா டஸ்கனிய ஒட்டியே கடற்கரை இல்லாம உள்ளடங்கி கெடக்குற உம்ப்ரியாவ பெருசா யாரும் கண்டுக்கிறதில்ல. அங்க மொன்டெஃபால்கோனு குன்று மேல ஒரு சின்ன ஊரு, அத சுத்தி விளையுற சாக்ரன்டீனோங்கிற கருப்பு திராட்சைல பண்ற ரெட் ஒயின், டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் விஷயத்துல இத்தாலிலயே முன்வரிசை. ஒரு வாய் குடிச்சதுமே ஈறு, நாக்கு, கன்னத்தோட உள்பக்கம் எல்லாம் இறுகிக்கும்.

இது ருசின்னு நாம நெனைக்கிறோம், ஆனா துவர்ப்புல பெரும்பகுதி தொடு உணர்வு. எச்சில்ல புரோலின்ங்கிற அமினோ அமிலம் நெறைய இருக்குற புரதங்கள் இருக்கு, வாய் வழவழன்னு இருக்க அதுங்களும் ஒரு காரணம், டானின் வந்து அதுங்கள புடிச்சு திரிய வச்சுடும், வழவழப்பு போனதும் நாக்கு அண்ணத்துல உரசும், அந்த உரசலத்தான் ட்ரைஜெமினல்ங்கிற முகத்தோட தொடு உணர்வு நரம்பு மூளைக்கு சொல்லுது. ஸ்ட்ராங் டீல பால் ஊத்துனா துவர்ப்பு அடங்குறதும் இதே கதைதான், டானினுக்கு நம்ம எச்சிலுக்கு பதிலா பால்ல இருக்குற கேசீன்ங்கிற புரதம் மாட்டிக்குது. சீஸ் கடிச்சுக்கிட்டே ரெட் குடிக்கிறது வெறும் ஸ்டைலுக்கு இல்ல.

ஒயிட் ஒயின் கதையே வேற. அதே ஏரியால ட்ரெபியானோ ஸ்பொலெட்டீனோனு ஒரு வெள்ளை திராட்சை, அந்தக் காலத்துல மரத்து மேல ஏத்தி விட்டு வளர்த்த கொடி. பழத்த புழிஞ்சு தோல பிரிச்சுட்டு சாற மட்டும் நொதிக்க விடுறதால டானின் ரொம்ப கம்மி. ரெட்டுல தோலும் கொட்டையும் சாறோட நாள்கணக்குல, சாக்ரன்டீனோல சிலர் வாரக்கணக்குலயே ஊற விடுறாங்க, நிறமும் டானினும் அங்கேருந்துதான் வருது. ஸ்பொலெட்டீனோல தூக்கலா இருக்குறது புளிப்பு, புளிப்பு பட்டா எச்சில் ஊறும், அதாவது ரெட்டு காய வைக்கிற வாய இது நனைக்குது.

ரெண்டையும் ருசி பாக்கணும்னா வெள்ளைய முதல்ல குடிக்கணும்ங்கிறது இதனாலதான், துவர்ப்பு ஒவ்வொரு மடக்குக்கும் ஏறிக்கிட்டே போகும், சாக்ரன்டீனோல ஆரம்பிச்சா அப்புறம் வர்ற ஒயிட்டோட நுணுக்கம் ஒன்னும் புடிபடாது. ரெட்ட ஃப்ரிட்ஜ்ல நல்லா குளிர வச்சா துவர்ப்பு இன்னும் முரட்டுத்தனமா தெரியும், அதனால 18 டிகிரி பக்கம் வச்சு குடிங்க, ஒயிட்டுக்கு 10 டிகிரி போதும்.

வாசனை விஷயத்துல மட்டும் உங்க மூக்க ரொம்ப நம்பாதீங்க. 2001ல வெளியான, பிரான்ஸ்ல இருக்குற போர்டோ ஊரு ஆய்வுல ஒயின் படிக்கிற 54 மாணவர்கள்கிட்ட ஒயிட் ஒயின்ல வாசனையில்லாத சிவப்பு சாயம் கலந்து குடுத்தாங்க, அவங்களும் ரெட் ஒயினுக்கு சொல்ற வார்த்தைகளாவே அடுக்குனாங்க. கண்ணு சொன்னத மூக்கு கேட்டுக்கிச்சு.

சாக்ரன்டீனோவ பக்குவப்படுத்த ரெண்டு வழி இருக்கு. ஒன்னு காலம், 1992ல டிஓசிஜிங்கிற, இத்தாலி ஒயினுக்கு குடுக்குற உச்ச அந்தஸ்து வாங்குன இந்த ஒயின இப்போதைய விதிப்படி 37 மாசம் முதிர வைக்கணும், அதுல 12 மாசம் மரப்பீப்பால. அந்த நேரத்துல டானின் ஒன்னோட ஒன்னு, நிறமிகளோடயும் சேருது, கொஞ்சம் அடில படியுது. இன்னொன்னு பழைய வழி, திராட்சைய காய வச்சு பாஸிட்டோனு இனிப்பு ஒயினா பண்றது, சக்கரை துவர்ப்ப நல்லாவே அமுக்கிடும். எனக்கென்னவோ முதல் தடவ குடிக்கிறவங்களுக்கு பாஸிட்டோதான் சரின்னு தோணுது.