ஃபேட்டி லிவர் என்றால் சிறுநீரையும் பாருங்கள்

முக்கூடல் பக்கத்து அம்மா ஒருவர், ஐம்பது வயதிருக்கும், மகனோடு வந்தார்கள். வயிற்று வலிக்கு எடுத்த ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 2'. தாளை மேசையில் வைக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"குடிக்கவங்களுக்கு வாரதாம்லா டாக்டரய்யா? ஊர்ல என்ன நினைப்பாவ?"

குடிக்காதவர்களுக்கும் வரும். நாள் முழுக்க மடியில் சுளவோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்கள் அவர்கள். மூன்று வேளையும் அரிசி, இடையிடையே காப்பி. செலவாகாத மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கிச் சேர்த்துவைக்கிறது. "சீனியை விட்டுட்டேன், கருப்பட்டிதான்" என்றார்கள். நம் ஊரில் பலர் ஏமாறும் இடம் இது. கருப்பட்டியும் சர்க்கரைதான்.

சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். 30-க்குள் இருக்க வேண்டியது 140 இருந்தது. "போன மாசம்தான் உப்பு சரியா இருக்குன்னு சொன்னாங்க" என்றார் மகன். உப்பு என்று அவர் சொன்னது கிரியேட்டினினை, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பது. சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதியளவு போகும்வரைகூட அது சாதாரணமாகவே காட்டக்கூடும். ஆல்புமின் கசிவு பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் கூடும் என்பதால், மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்த்து உறுதி செய்தோம்.

கொழுப்பு ஏறிய கல்லீரலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் அங்கிருந்து ரத்தத்தில் கலக்கின்றன. சர்க்கரையும் பிரஷரும் கூடவே ஏறும். இத்தனையும் போய் விழுவது சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் மேல். ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்கள். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கியது, உள்ளே டைக்ளோஃபினாக். தினமும் ஒன்று, இரண்டு வருடமாக! குனிந்தே வேலை செய்கிறவர்களுக்கு வலி பொய்யில்லை, எனக்குப் புரிகிறது. ஆனால் ஏற்கெனவே கசியும் சிறுநீரகத்துக்கு இந்த மாத்திரை பெரும் கேடு. அன்றே நிறுத்தினோம். வலிக்கு பிசியோதெரபி, மணிக்கொரு தரம் எழுந்து நடப்பது. கல்லீரலுக்கென்று விற்கும் பொடி, லேகியமும் வேண்டாம் என்றேன்.

எடை 72 கிலோ. அதில் ஐந்தாறு கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு நன்றாக இறங்கும். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காய், பயறு, மீன்.

ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது, ஆல்புமின் 60-க்கு வந்தது. உங்கள் வீட்டிலும் அப்படியொரு ஸ்கேன் தாள் கிடந்தால், அடுத்த முறை டாக்டரிடம் சிறுநீர் ஆல்புமின் பரிசோதனையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு சின்ன டப்பா சிறுநீர் போதும்.