பஞ்சி இல்லை, மூளைக் காயம்

“இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லி விடுங்கோ.” மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்ட பெடியனை என்னிடம் கூட்டிவரும் வீட்டார் அநேகமாக இப்படித்தான் தொடங்குவார்கள். போன கிழமையும் கேட்டேன். ஸ்கான் கிளியராம். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டு மாதக்கணக்காகிறதாம். வடிவாகக் கதைக்கிறானாம். குளிக்கப் போகச் சொன்னால் மட்டும் “ஓம்” என்றுவிட்டு அப்படியே இருப்பானாம். ஆகவே பஞ்சி. இல்லாவிட்டால் செய்வினை.

இவர்களுக்கு அலெக்சாண்டர் லூரியாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. 1902இல் ரஷ்யாவின் கசானில் பிறந்தவர். உளவியலில் பெயர் எடுத்த பிறகு மருத்துவமும் படித்து 1937இல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில், தலையில் காயப்பட்ட சிப்பாய்களைத் தேற்றியெடுக்கும் மருத்துவமனை ஒன்றை யூரல் பகுதியில் நடத்தினார். மூளைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் நரம்பு உளவியலுக்கு அத்திவாரம் போட்டவர்களில் ஒருவர். கிளினிக்கில் கையை முஷ்டி, கையோரம், உள்ளங்கை என்று மேசையில் மாறி மாறி வைக்கச் சொல்கிறோமே, அது அவர் வழி வந்த சோதனைதான். விளையாட்டென்று நினைத்துச் சிரிக்காதீர்கள்.

மூளையின் முன்பகுதி பலமாகக் காயப்பட்டவர்களிடம் அவர் கண்டதைக் கேளுங்கள். கையைத் தூக்கச் சொன்னால் “கையைத் தூக்க வேண்டும்” என்று திருப்பிச் சொல்வார்கள். கை எழும்பாது. சொன்னது விளங்கும், அது செயலாக மாறாது. நடிப்பும் இல்லை, திமிரும் இல்லை. “விளங்கினால் செய்வான்தானே” என்ற உங்கள் கணக்கு பிழைப்பது இங்கேதான். கதை நன்றாக இருக்கிறது என்பதால் மூளை முழுக்க நன்றாக இருக்கிறது என்று ஆகாது. சாதாரண சிடி ஸ்கானில் இரத்தக்கசிவு தெரியும், எலும்பு வெடிப்பு தெரியும். நரம்பிழைகள் நுண்மையாக அறுந்தது தெரியாமலே போகலாம்.

ஏசுவதை நிறுத்துங்கள். அடிப்பதை இன்றே நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். “குளித்து, உடுத்து, கடைக்குப் போ” என்று அடுக்க வேண்டாம். துவாயைக் கையில் கொடுத்துத் தொடக்கி விடுங்கள். வலிப்புக் குளிசையை நீங்களாக நிறுத்தக்கூடாது. மதுபானம் வேண்டவே வேண்டாம். மருத்துவர் சொல்லும் வரை மோட்டார் சைக்கிள் திறப்பை ஒளித்து வையுங்கள், எவ்வளவு கெஞ்சினாலும் சரி. தலையிடி கூடினால், சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்ப முடியாமல் தூங்கினால் கோயிலுக்கல்ல, நேரே ஆஸ்பத்திரிக்கு.

அப்புறம் ஒரு மன்றாட்டம். கிளினிக்குக்கு அவனைத் தனியே அனுப்பாதீர்கள். கேட்டால் “ஒரு பிரச்சினையும் இல்லை” என்பான், அப்படித்தான் நம்பவும் செய்வான். கூட இருந்து பார்க்கிற ஒருவர், பார்த்ததை எழுதிய கொப்பியோடு வாருங்கள்.