அம்மாவைக் கட்டிலோடு கட்டிப் போடாதீர்கள்

தீபாவளி முடிந்த கையோடு நான் தாதியாக இருக்கிற மலையக ஆஸ்பத்திரியின் மெடிக்கல் வார்டுக்கு ஒரு கூட்டம் வந்து சேரும். வருசா வருசம் பார்ப்பதுதான். செப்டெம்பர், ஒக்டோபரில் நிமோனியா என்றோ பிரஷர் கூடியதென்றோ வந்து, ஓரளவு தேறி, டிக்கட் வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்குப் போன வயதானவர்கள். போகும்போது யாரையாவது பிடித்துக்கொண்டாவது நடந்து போனவர்கள், திரும்பி வரும்போது ஸ்ட்ரெச்சரில் வருகிறார்கள். பலருக்குப் பழைய நோய் திரும்பவே இல்லை. வீட்டில் அளவுக்கு மீறிக் கவனித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக வந்த அம்மாவுக்கு 76 வயது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். நெஞ்சுச்சளி முற்றி எங்கள் வார்டிலேயே இருந்து, குணமாகி, மகனின் கையைப் பிடித்தபடி வாசல் வரை நடந்துபோய் த்ரீவீலில் ஏறியவர். மூன்று கிழமை கழித்து லொறியில் மெத்தையோடு தூக்கி வந்தார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சேலையை விலக்கினால், முதுகெலும்பு முடிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நடுவில் கறுத்துக் காய்ந்திருந்தது, ஓரமெல்லாம் சீழ். மகன் பக்கத்தில் நின்று, "கட்டில விட்டு எறங்கவே விடலைங்க மிஸ். எல்லாமே படுக்கையிலதான். பொன்னு மாதிரி பாத்துக்கிட்டோம்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அம்மாவின் தலை வாரியிருந்தது, நகம் வெட்டியிருந்தது, உடுப்பில் ஒரு கறை கிடையாது. கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்திருக்கிறார். அந்தப் பிள்ளையை ஏச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கறுத்த தோலை டொக்டர் வெட்டி எடுத்த பிறகு புண்ணைக் கழுவினேன், அடியில் எலும்பு தெரிந்தது. அவரை ஏசாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

"வயசான உடம்பு, ஓய்வு குடுத்தாத்தான் தேறும்." இந்தப் பேச்சுதான் எங்கள் பக்கத்தில் பாதி முதியவர்களைப் படுக்கையில் தள்ளுகிறது. டொக்டரே சொன்னார் என்றுகூடச் சிலர் சாதிப்பார்கள். டிக்கட் வெட்டும்போது "ரெஸ்ட் எடுங்க" என்று யாராவது போகிற போக்கில் சொல்லியிருப்பார். விறகு தூக்காதே, பீலியிலிருந்து குடம் சுமக்காதே, அவசரப்பட்டுக் கொழுந்துக்குப் போகாதே என்பதுதான் அவர் நினைத்தது. கட்டிலை விட்டு இறங்காதே என்று யாரும் சொல்லவில்லை. வார்டிலேயே நாங்கள் மூன்றாம் நாள் எழுப்பி உட்கார வைத்து, நான்காம் நாள் கழிவறைக்கு நடத்திக்கொண்டு போகிறோம். வார்டில் நடந்த மனுசி வீட்டுக்குப் போனதும் ஏன் படுக்க வேண்டும்? இதை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன், ஒருவரிடமும் பதில் இல்லை.

பதில் இல்லாவிட்டாலும் காரணம் எனக்குத் தெரியும், நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவள்தான். வெள்ளன எழும்பி, ரொட்டி தட்டி வைத்துவிட்டு, பெரட்டுக்கு (காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கிற இடத்துக்கு) ஓடி, நாளெல்லாம் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கிய அம்மா. இனியாவது காலை நீட்டிப் படுக்கட்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நினைப்பு நல்லதுதான். ஆனால் எழுபது வயதிலும் அந்தக் கால்கள் அவரைத் தாங்கி நின்றதே அந்த மலையால்தான். ஏறி இறங்கப் பழகிய காலைத் திடீரென்று நீட்டிப் போட்டால் அது தேறாது, செத்துப் போகும்.

நான் சும்மா பயமுறுத்தவில்லை. நோய் நொடி இல்லாத, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. அவர்கள் ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள். காய்ச்சலில் கிடந்து, பிஸ்கட்டும் தேத்தண்ணியுமாக இருக்கிற நம் அம்மாவுக்கு எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நெஞ்சில் சளி கட்டுவது, மலம் இறுகுவது, காலில் இரத்தம் உறைவதெல்லாம் அதற்குப் பின்னாலேயே வரும்.

அப்புறம் அக்கம்பக்கத்து வாய் ஒன்று இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து, அம்மா இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், கதிரையில் இருப்பதைக் கண்டால், "ஆஸ்பத்திரியில இருந்து வந்த மனுசிய இப்படிக் குளிருல குந்த வச்சிருக்காங்களே" என்று லயம் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே மருமகள் மாமியாரைப் படுக்கையில் போட்டுக் கம்பளியால் மூடுகிறாள். தயவுசெய்து, பார்க்கப் போகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு போங்கள். முடிந்தால் ஐந்து நிமிசம் கையைப் பிடித்து வாசல் வரை நடத்திவிட்டு வாருங்கள். ஹோர்லிக்ஸை விட அது பெரிய உதவி.

சரி, என்ன செய்வது? வீட்டுக்கு வந்த அன்றைக்கே மூன்று வேளைச் சாப்பாட்டையும் கதிரையில் உட்கார வைத்துக் கொடுங்கள். படுக்க வைத்து வாயில் கஞ்சி ஊற்றுவதை விட்டுத் தொலையுங்கள், அது வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் போய் மறுபடியும் நிமோனியாவாக வரும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்கட்டும். படுக்கையிலிருந்து நேராக எழுப்பி நிறுத்தாதீர்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு ஓரிரு நிமிசம் உட்கார வைத்து, தலை சுற்றவில்லை என்றால் எழுப்புங்கள். முதல் நாள் கதவு வரை, அடுத்த நாள் இஸ்தோப்பு வரை, பிறகு லயத்து முனை வரை. மூச்சு வாங்கினால் நிற்கட்டும், இருந்து எழும்பட்டும். எலும்பு முறிந்து, காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தால் மட்டும் நடத்தாதீர்கள். அப்போதும் உட்கார வைக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அனேகமாக ஆம் என்றுதான் சொல்வார்கள்.

மகள் கொழுந்துக்குப் போக வேண்டும், ஒரு நாள் பேர் போனால் அன்றைய சம்பளம் போச்சு என்று எனக்குத் தெரியாதா? நாள் முழுக்கக் கூடவே இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். காலையில் போவதற்கு முன் ஒரு நடை, பகல் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு நடை, அந்திக்கு ஒரு நடை. நடுவில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பேரப்பிள்ளை எதற்கு இருக்கிறான்? ஃபோனைப் பறித்து வைத்துவிட்டுப் பாட்டியை நடத்தச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே எழும்ப முடியாதவர் என்றால், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். படுக்கைப் புண் முதலில் சிவந்து காட்டும் என்று புத்தகத்தில் இருக்கும். அது வெள்ளைத் தோலுக்கு எழுதியது. நம் ஆட்களின் தோலில் சிவப்புத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தை விடக் கொஞ்சம் கறுத்தோ ஊதா பாய்ந்தோ இருக்கும், புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடாக இருக்கும், தொட்டால் இறுகியோ கொழகொழவென்றோ இருக்கும். தினமும் குளிப்பாட்டும்போது பிட்டத்துக்கு மேலே, இடுப்பின் இரண்டு பக்கமும், குதிகாலிலும் வெளிச்சத்தில் பாருங்கள். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். அந்த இடங்களில் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். டயர் டியூப் மாதிரி ஊதிய வளையத்தில் உட்கார வைக்காதீர்கள், அது சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தையும் நிறுத்தும். உரப் பையை வெட்டி விரிப்புக்கு அடியில் போடுவதும் வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று தோலை ஊறப் போடும். புண் வந்துவிட்டால் கோப்பித்தூளும் மஞ்சளும் போட்டு மூடி வைக்காமல் அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

இந்த ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு தொல்லை தண்ணீர். மத்தியானம் வரை வெயில், பின்னேரமானால் இடியோடு மழை, இருட்டினால் எலும்பைக் குத்தும் குளிர். கக்கூசு லயத்துக்குப் பின்னால், பாசி பிடித்த படிகளில் இறங்கிப் போக வேண்டும். இரவில் எழும்ப நேரும் என்று அம்மாமார் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். குளிரில் தாகமும் எடுக்காது. பிள்ளைகளும், நல்லது, அம்மா தொல்லை தரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு மூத்திரக் கிருமி, தலைச்சுற்று, சிறுநீரகம் பழுது. தண்ணீரை அளவாகக் குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவோடு நில்லுங்கள். மற்றவர்களுக்குப் பின்னேரம் ஐந்து மணிக்குள் பெரும்பங்கைக் கொடுத்து முடியுங்கள். மூத்திரம் போவதற்கென்று தரும் குளிசை காலையில் போட வேண்டியதா என்று மருந்துத் துண்டில் பாருங்கள், அதை இரவில் கொடுத்துவிட்டு அம்மா தூங்கவில்லை என்று குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய பிளாஸ்டிக் கதிரை ஒன்றின் நடுவில் ஓட்டை வெட்டி, அடியில் வாளி வைத்துக் கட்டில் பக்கத்தில் போடுங்கள். வெட்டிய ஓரத்தைத் துணி சுற்றிக் கட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இரவில் அந்தப் படியில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

குளிருக்குக் கதவு, ஜன்னலை அடைத்துவிட்டுக் கரிச்சட்டி வைக்காதீர்கள். 10க்கு 12 அடிக் காம்பராவில் அந்தக் காற்று ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். சீனி வருத்தக்காரரின் காலுக்குச் சுடுதண்ணிப் போத்தலும் வேண்டாம், சுடுவது அவருக்குத் தெரியாது.

மருந்து பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை வேண்டும். ஒன்றிரண்டு மட்டும். கிளினிக்கில் தந்த பழைய குளிசை, வார்டில் தந்த புதுக் குளிசை, தீபாவளிக்கு வந்த மகள் பிரைவேட்டில் காட்டி வாங்கியது, எல்லாம் ஒரே பையில் கிடக்கும். மூன்று வேறு பெயரில் ஒரே பிரஷர் குளிசை, லொசார்டன், இருக்கும். ஆஸ்பத்திரி உறையில் மருந்தின் பொதுப் பெயர் எழுதுவார்கள், கடையில் கொம்பனிப் பெயர். அந்தப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள், எது வேண்டும் எது வேண்டாம் என்று நாங்கள் பிரித்துத் தருகிறோம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். துண்டில் பீ.டி. என்றிருந்தால் இரு வேளை, டீ.டி.எஸ். மூன்று வேளை, மானே காலை, நொக்டே இரவு. அம்மா சாப்பிடாத நாளில் சீனிக் குளிசையை வழக்கம் போலக் கொடுக்காதீர்கள், முதலில் கேளுங்கள். சீனி இறங்கி வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறினால் வாயால் விழுங்க முடிகிறவருக்கு உடனே சீனி கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்றிரவு ஆளை மாற்றிப் பேசினால், கட்டிலைச் சுற்றி யாரோ நிற்பதாகச் சொன்னால், அது வயசுக் கோளாறும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. உள்ளே கிருமியோ, உப்புக் குறைவோ, மருந்தோ ஏதோ ஒன்று. பூசாரியிடம் கயிறு கட்டுவதைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஆஸ்பத்திரி. அதே போல மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, ஒரு நாள் முழுக்க மூத்திரம் போகாமை. அம்புலன்ஸுக்கு 1990 என்ற நம்பரை அடியுங்கள், காசில்லை. தோட்டத்து டிவிசன் பெயரை மட்டும் சொன்னால் அம்புலன்ஸ் கண்டுபிடிக்காது, எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்று சொல்லி, ஒருவரைச் சந்தியில் நிறுத்துங்கள்.

இந்த மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையும் வரும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவு மலையகத்தில் யாருக்கும் மறக்காது. எழும்பு என்றதும் எழும்பி நான்கு அடி வைக்க முடிகிற அம்மாவைக் கொண்டுபோவது வேறு, மெத்தையோடு தூக்குவது வேறு. கிளினிக் கொப்பி, டிக்கட், குளிசை, கண்ணாடி, பல் செட் எல்லாம் ஒரே பையில் கதவருகே தொங்கட்டும்.

கடைசியாக, டிக்கட் வெட்டுகிற நாளில் ஓடாதீர்கள். த்ரீவீல்காரர் வெளியே காத்துக்கொண்டு நிற்பார், தெரியும். ஆனாலும் எங்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள்: எவ்வளவு தூரம் நடக்கலாம், எப்படி எழுப்ப வேண்டும், எந்தக் குளிசை நிறுத்தியது, எந்தக் குளிசை புதுசு. சிங்களத்தில் சொன்னது விளங்காவிட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போகாதீர்கள், தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். எங்களில் தமிழ் பேசுகிறவர்கள் குறைவுதான், பக்கத்து வார்டிலிருந்தாவது வருவோம். நாங்கள் அவசரத்தில் எரிந்து விழுந்தாலும் விடாமல் நின்று கேளுங்கள், பதில் சொல்வது எங்கள் வேலை.