பனி காயாத புல்

ஆட்டின் கீழிமையைப் பெருவிரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே தெரியும் சவ்வு நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளிறத் தொடங்கியிருந்தால் யோசிக்க வேண்டும். தாள் மாதிரி வெள்ளையாக இருந்தால், அந்த ஆடு நின்று மேய்ந்துகொண்டிருந்தாலும் அதன் உடம்பில் இரத்தம் கொஞ்சம்தான் மிச்சம்.

போன மாரி முடிந்த கையோடு, திருகோணமலையில் என் மாமி வீட்டு மறி ஒன்று செத்துப்போனது. கழிச்சல் இல்லை, இருமல் இல்லை, முதல்நாள் பின்னேரம்கூடக் குழை தின்றது. தாடைக்குக் கீழே மட்டும் பை போல நீர் கோத்திருந்தது. "விடிய வத்திப் போகுது தம்பி, பொழுதுபடத் திரும்ப வீங்குது" என்று மாமி சொன்னபோது, ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். மிருக வைத்தியர் வயிற்றை அறுத்து நான்காம் இரைப்பையைத் திறந்து காட்டினார். உட்சுவர் முழுக்க நூல் நூலாகப் புழுக்கள். இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் நீளம். ஒன்றை எடுத்து வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு வைத்தார். சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்து முறுக்கிய கயிறு போல இருந்தது. சிவப்பு, அந்தப் புழுவின் குடலில் நிறைந்திருந்த ஆட்டின் இரத்தம். வெள்ளை, குடலைச் சுற்றிச் சுற்றி ஓடும் அதன் சூலகம்.

இதன் பெயர் ஹீமொங்கஸ் கொன்டோர்ட்டஸ். ஆடு, செம்மறி, மாடு, மான் என்று அசைபோடும் விலங்குகளின் நான்காம் இரைப்பைதான் இதன் வீடு. வாயிலுள்ள ஊசி போன்ற உறுப்பால் இரைப்பைச் சுவரைக் கீறி இரத்தம் குடிக்கிறது. ஒரு புழு ஒரு நாளில் எடுப்பது ஏறக்குறைய 0.05 மில்லிலீற்றர், அதாவது ஒரு துளி. ஆயிரம் புழு இருந்தால் நாளுக்கு 50 மில்லிலீற்றர். 25 கிலோ ஆட்டின் உடம்பில் ஓடும் மொத்த இரத்தமே ஒன்றே முக்கால் லீற்றர் அளவுதான். ஐந்து கிழமையில் அந்த ஆடு தன் முழு இரத்தத்துக்கும் சமமான அளவை இழந்துவிடும். உடம்பு புது இரத்தம் ஊறவைக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு இரும்பும் புரதமும் வேண்டும், இரண்டும் இரத்தத்தோடேயே போய்விடுகின்றன.

தாடை வீக்கத்தின் காரணமும் இதுதான். இரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் குழாய்க்குள் நிற்காது, வெளியே கசியும். பகல் முழுக்கத் தலை குனிந்து மேயும் ஆட்டில் அந்த நீர் தாடைக்குக் கீழே தேங்குகிறது. இரவில் தலை நிமிர்ந்து படுத்தால் வடிந்துவிடும். மாமி கண்ணால் கண்டு சொன்னது அத்தனையும் சரி, எனக்குத்தான் விளங்கவில்லை. புழு என்றால் கழிச்சல் இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தப் புழு பெரும்பாலும் கழிச்சலைத் தருவதில்லை. அதனால்தான் பிந்திப் பிடிபடுகிறது.

வயிற்றுக்குள் நடப்பது கதையின் பாதிதான். மற்றப் பாதி புல்லில் நடக்கிறது.

ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். அவை புழுக்கையோடு நிலத்தில் விழுகின்றன. சூடும் ஈரமும் இருந்தால் முட்டை பொரித்து, குடம்பி என்ற இளம்புழு இரண்டு முறை சட்டை மாற்றி, ஒரு கிழமைக்குள் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். இந்தப் பருவத்தில் அது பழைய சட்டையைக் கழற்றாமல் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சட்டை வெயிலிலிருந்து காக்கும், ஆனால் வாயையும் மூடிவிடும். எதையும் தின்ன முடியாது, சேர்த்துவைத்த கொழுப்பில்தான் காலம் தள்ள வேண்டும். நம்முடையது போன்ற சூடான ஈரநிலத்தில் அந்தக் கையிருப்பு சில கிழமைகளில் தீர்ந்துவிடும். அதற்குள் ஒரு வாய்க்குள் போய்ச் சேர வேண்டும்.

மழைத்துளி விழுந்து புழுக்கை கரையும்போது குடம்பி வெளியே வருகிறது. புல்லின் மேல் படிந்த மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்தித்தான் அதனால் ஏற முடியும். காய்ந்த புல்லில் ஏற வழியில்லை. ஏறுவதும் அதிக உயரமில்லை, பெரும்பாலானவை நிலத்திலிருந்து நாலு விரற்கடைக்குள் நின்றுவிடும். விடியற்காலைப் பனியில் ஒட்ட மேயும் ஆடுதான் அதிகம் விழுங்குகிறது. விழுங்கிய மூன்று கிழமையில் அது வளர்ந்து முட்டையிடத் தொடங்கும். கச்சான் காற்று வீசி நிலம் காயும் மாதங்களில் இந்தப் புழு செய்யும் வேலை எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. வெளியே முட்டை போட்டும் பயனில்லை என்பதுபோல, குடம்பியாகவே இரைப்பைச் சுவருக்குள் வளர்ச்சியை நிறுத்திக் கிடக்கிறது. மாரி தொடங்கும் காலத்தில் எல்லாம் ஒன்றாக எழும்புகின்றன.

திருகோணமலையில் இந்தப் புல் ஆட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. பிரட்றிக் கோட்டை வாசலிலும், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும், நகரத்துக் கடற்கரைப் பக்கமும் புள்ளிமான்கள் மேய்வதை இங்கு வந்துபோனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். காட்டில் மான் கூட்டம் ஓரிடத்தில் மேய்ந்துவிட்டு நகர்ந்துவிடும், அது திரும்பி வருவதற்குள் விட்ட குடம்பிகளில் பெரும்பங்கு செத்திருக்கும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு முனையிலும் நாலு தெருவிலும் சுற்றிச் சுற்றி வரும் மானுக்கு அந்த வசதி இல்லை. நேற்றுப் போட்ட புழுக்கைக்குப் பக்கத்திலேயே இன்றும் மேய்கிறது. அங்கேயே யாரோ அவிழ்த்துவிட்ட ஆடும் மாடும் மேய்கின்றன.

காட்டு விலங்குக்கும் வீட்டு விலங்குக்கும் நடுவே நாம் போடும் வேலி ஒட்டுண்ணிக்குத் தெரியாது. இதற்கு நம் தீவின் பெயரையே தாங்கிய சாட்சி ஒன்று உண்டு. 1911இல் ஆர்தர் லூஸ் என்ற அறிஞர் இலங்கையின் புனுகுப்பூனை ஒன்றில் கிடைத்த கொக்கிப்புழுவுக்கு அன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்று பெயரிட்டார். அதே புழு நாயிலும் பூனையிலும் வாழும், மனிதக் குடலிலும் முழு வளர்ச்சி அடைந்து இரத்தம் குடிக்கும். தெருநாய் மலம் கழித்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோல் வழியாக உள்ளே போகும்.

மறி செத்த அன்று பட்டியில் இருந்த எல்லா ஆட்டுக்கும் புழு மருந்து பருக்கிவிடத்தான் மாமி நினைத்தார். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மிருக வைத்தியர் தடுத்தார். தயாபெண்டசோல் என்ற மருந்து 1961இல் வந்தது, 1964இலேயே அதற்கு அசையாத ஹீமொங்கஸ் புழுக்கள் பதிவாகிவிட்டன. பின்னர் வந்த ஐவர்மெக்டின் 2015இல் அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு நோபல் பரிசையே பெற்றுக்கொடுத்தது. அதையும் இந்தப் புழு பழகிக்கொண்டது. எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தால், தப்பிப்பவை மருந்தைத் தாங்கும் புழுக்கள் மட்டும்தான். அடுத்த மாரிக்குப் புல்லை நிறைப்பதும் அவற்றின் குஞ்சுகள்தான். சில ஆடுகளை மருந்தில்லாமல் விட்டால், அவற்றின் வயிற்றிலுள்ள சாதாரணப் புழுக்கள் அந்த வலிய வம்சத்தோடு கலந்து அதன் பலத்தைக் குறைக்கும்.

இந்த இடத்தில் மானின் பங்கு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. மருந்தே காணாத மான், மருந்துக்குச் சாகக்கூடிய புழுக்களைக் காப்பாற்றி வைத்திருக்கலாம். ஆட்டுப் பட்டியிலிருந்து வலிய புழுவை வாங்கி அடுத்த பட்டிக்குக் கொண்டும் போகலாம். பிரித்தானியாவில் காட்டு ரோ மான்களில் மருந்துக்கு அசையாத ஹீமொங்கஸ் இருந்ததை 2014இல் காட்டினார்கள். மானுக்கு நாம் மருந்து பருக்க முடியாது. அதனால் அந்தப் பொறுப்பு ஆடு வளர்ப்பவரின் கையில்தான் இருக்கிறது. நான் மானைக் குற்றம் சொல்ல மாட்டேன், அந்த முனைக்குள் அதை நெருக்கி வைத்தது நாங்கள்தான்.

இமை பார்க்கும் முறையை ஒழுங்குபடுத்தித் தந்தவர்கள் தென்னாபிரிக்கர்கள். சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து நிறம் அச்சிட்ட அட்டையை இமையோடு ஒப்பிட்டு, வெளிறியவற்றுக்கு மட்டும் மருந்து கொடுப்பார்கள். உண்ணியும் ஈரற்புழுவும்கூட இமையை வெளிறவைக்கும் என்பதால் சந்தேகம் வந்தால் புழுக்கையை ஆய்வுக்குக் கொடுப்பது நல்லது. இன்னொன்று: செம்மறிக்குச் சொன்ன அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்துகளில் போதாது, வெள்ளாட்டின் உடல் மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும். குறைந்த அளவு கொடுப்பது புழுவுக்குப் பயிற்சி கொடுப்பது போன்றது. ஆட்டின் எடையை நிறுத்துப் பார்த்து, வைத்தியரிடம் அளவு கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

மாமி இப்போது பனி காய்ந்த பிறகுதான் படலையைத் திறக்கிறார். அதுவரை பூவரசங்குழையை உயரக் கட்டித் தொங்கவிடுகிறார். ஆடு இயல்பிலேயே குழை தின்னும் பிராணி, அந்த உயரத்துக்குக் குடம்பி ஏறாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை முற்றத்து வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்து இமை பார்க்கிறார். இருப்பவை ஏழு. போன முறை மருந்து கொடுத்தது இரண்டுக்கு, அதில் ஒன்று குட்டி போட்டுப் பத்து நாளான தாய்.