அலங்கார ஒரிகானோ: இரண்டு பருவமழை பெய்யும் ஊரில் காப்பாற்றுவது எப்படி?

"நல்லா நின்ன செடி சார், பெட்டெண்ணு வாடிப்போச்சு. தண்ணி தினமும் விட்டுட்டுதான் இருக்கேன்." வீட்டுத் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கும் எனக்கு, ஜூன் பிறந்ததும் குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், தக்கலை பக்கமிருந்து இப்படி போன்கள் வரத் தொடங்கும். கேட்டால் பெரும்பாலும் அலங்கார ஒரிகானோவாக இருக்கும். தினமும் விட்ட அந்தத் தண்ணீர்தான் செடியை வாட வைத்தது என்பதைப் புரியவைப்பதுதான் கஷ்டம்.

துளசி, தும்பை, கற்பூரவல்லி எல்லாம் இருக்கிற குடும்பத்துச் செடி இது. பீட்ஸாவில் தூவும் ஒரிகானோவுக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் அழகுக்காக வளர்ப்பது. அதிகம் விரும்பப்படும் 'கென்ட் பியூட்டி' ஒரு கலப்பினம். அதன் பெற்றோரில் ஒன்று வடகிழக்குத் துருக்கி, ஜார்ஜியா பகுதிச் செடி, இன்னொன்று கிரேக்க மலைச் செடி. தொங்கும் தண்டின் நுனியில் இளம்பச்சைச் செதில்கள் அடுக்கடுக்காக வந்து, மெல்ல ரோஸ் நிறம் ஏறும். காகிதப்பூவைப் போலவே இதிலும் நாம் ரசிப்பது நிறம் மாறிய இலைகளைத்தான். உண்மையான பூ செதில்களின் இடுக்கில் சின்னதாக எட்டிப் பார்க்கும்.

பிறந்த இடத்தைப் பார்த்தால் இதன் குணம் புரிந்துவிடும். மண் அதிகமில்லாத பாறைச் சரிவு, வறண்ட கோடை, வேருக்கடியில் தண்ணீர் தங்கவே தங்காது. நம் மாவட்டமோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற ஊர். வெக்கையும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். வேரழுகல் பூஞ்சைக்கு இதைவிட வசதி வேண்டாம்.

வாடிய செடியைப் பார்த்ததும் குடத்தை எடுக்காதீர்கள். முதலில் சட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தும் இலை துவண்டிருந்தால் அது தாகமில்லை. மண்ணைத் தொடும் இடத்தில் தண்டை விரலால் லேசாக அழுத்துங்கள். நல்ல தண்டு கட்டியாக இருக்கும், அழுகியது பழுப்பாகி நசுங்கும். செடியைக் கவிழ்த்து வேரைப் பார்த்தால் சந்தேகமே இருக்காது: வெள்ளை வேர் பழுத்து, மேல்தோல் உருவிக்கொண்டு, நடுநரம்பு மட்டும் நூலாகக் கையில் வரும். வேர் அழுகினால் மண்ணில் தண்ணீர் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது, அதனால்தான் வாடுகிறது. நாம் இன்னும் ஊற்றுகிறோம், அது இன்னும் அழுகுகிறது. நுனியில் பச்சைத் தண்டு மிச்சமிருந்தால் உடனே வெட்டி ஊன்றி வையுங்கள். அடிச்செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை.

நர்சரியிலிருந்து வரும் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கலவையிலேயே செடியை விட்டுவிடுவது பெரிய ஆபத்து. அது நம் மழைக்காலத்தில் காயவே காயாது. செம்மண் ஒரு பங்கு, கழுவிய எம்-சாண்ட் ஒரு பங்கு, உடைந்த கூரை ஓடுகளை நகம் அளவுக்குத் தட்டிய துண்டுகள் ஒரு பங்கு, அப்புறம் ஒரு கைப்பிடி மக்கிய உரம். அவ்வளவு போதும். கல்குளம், விளவங்கோடு பக்கத்து வெட்டுக்கல் மண் புளிப்புத் தன்மை உள்ளது. இந்தச் செடிக்கு அது ஒத்துவராது என்பதால் ஒரு டீஸ்பூன் கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்துகொள்ளுங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது. சட்டி மண்சட்டியாக இருக்கட்டும். அடியில் தட்டு வைக்காதீர்கள், தண்ணீர் தேங்கும், கொசுவும் முட்டையிடும். வாழைக்கும் தென்னைக்கும் போடுகிற பழக்கத்தில் இதற்கும் யூரியா போடுகிறார்கள். தண்டு நீண்டு தளர்ந்துவிடும், செதில் வராது.

இடம் ரொம்ப முக்கியம். தோவாளை, ஆரல்வாய்மொழி போலக் காற்று வாங்கும் வறண்ட பகுதியில் இருப்பவர்களுக்கு இது எளிது, காற்று இலையைக் காய வைத்துவிடும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் மழை அதிகம், மரங்களின் ஈரமும் சேரும். அங்கே தரையில் நட வேண்டாம் என்றே சொல்வேன். தென்மேற்குப் பருவத்தில் சாரல் மேற்கிலிருந்து அடிக்கும். கிழக்குப் பார்த்த சன்ஷேடுக்கு அடியில் சட்டியைத் தொங்கவிட்டால் காலை வெயிலும் கிடைக்கும், சாரலிலிருந்தும் தப்பும். வடகிழக்குப் பருவம் தொடங்கும்போது இடத்தை மாற்றிவிடுங்கள். விரலை விட்டுப் பார்த்து இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். ஊற்றினால் அடியில் வடியும்வரை ஊற்றிவிட்டு, மறுபடி காயும்வரை விட்டுவிடுங்கள்.

பூ விஷயத்தில் ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். ஒரிகானோ வகைகள் பெரும்பாலும் நீண்ட பகலில் மொட்டு வைப்பவை. துருக்கியின் கோடையில் பகல் 15 மணி நேரம் வரை நீளும். 8 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகலே சுமார் 12½ மணி நேரம்தான். படத்தில் பார்த்த அளவுக்கு இங்கே தொங்கவில்லை என்றால் உங்கள் வளர்ப்பில் குறை தேடாதீர்கள். சாம்பல் பூத்த அந்த வட்ட இலைகளே அழகுதான்.

வாங்கும்போது கவனம் வேண்டும். 'கென்ட் பியூட்டி விதை' என்று ஆன்லைனில் யாராவது விற்றால் வாங்காதீர்கள். கலப்பினமான இது தண்டிலிருந்து பெருக்கப்படும் செடி, விதையில் அதே குணம் வராது. கற்பூரவல்லியையும் ஒரிகானோ என்று எழுதி வைத்து விற்கிறார்கள். தடித்த, சாறுள்ள இலையாக இருந்தால் அது கற்பூரவல்லி. நர்சரியில் பூச்சிமருந்து அடித்திருக்கலாம் என்பதால் அலங்காரச் செடியின் இலையைச் சமையலில் போட வேண்டாம். முதல் முயற்சிக்குப் பணம் செலவழிக்கத் தயங்கினால், மாலையில் வைத்துக் கட்டும் மரு இருக்கிறதே, அதுவும் இதே ஒரிகானோ இனம்தான். அதை ஒரு மழைக்காலம் காப்பாற்றிப் பாருங்கள், கை பழகிவிடும்.

நடுவதற்கு நல்ல நேரம் வடகிழக்கு மழை ஓய்ந்த ஜனவரி. வேர் பிடிக்க மே வரை அவகாசம் கிடைக்கும். பிப்ரவரி, மார்ச்சில் பூக்காத நுனித்தண்டுகளை விரல் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை நீக்கி, ஈர மணலில் நிழலில் ஊன்றுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். ஜூன் வருவதற்குள் இரண்டு மூன்று சட்டியாவது கையில் இருக்கட்டும். ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பதும் நல்லதுதான்.