வெளிநாட்டில் ஆள் எடுக்கிறீர்களா? அவர் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார் என்பதை முதலில் பாருங்கள்

ஆறு வருடம் ஒரே வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஒருவர் தன் இன்வாய்ஸ்களை எனக்கு அனுப்பியிருந்தார். மாதம் ஒன்று என்று மொத்தம் 72. தேதி மாறுகிறது, தொகை மாறவே இல்லை. லேப்டாப் நிறுவனம் கொடுத்தது. காலை 9 மணிக்கு லாக்-இன் செய்தாக வேண்டும், லீவு வேண்டுமென்றால் மேனேஜரிடம் கேட்க வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் 'சுயாதீன ஒப்பந்ததாரர்' என்று இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை இரண்டு வரி மின்னஞ்சலில் அவர் வேலை முடிந்தது. நிலுவை பற்றிக் கேட்டதற்கு, "நீங்கள் எங்கள் ஊழியரே இல்லையே" என்று பதில் வந்தது. இதே பதிலை வாங்கிக்கொண்டு வந்த வேறு சிலரையும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை விதி சின்னதுதான். ஒருவர் வழக்கமாக எந்த நாட்டிலிருந்து வேலை செய்கிறாரோ, அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் கட்டாயப் பாதுகாப்புகள் பெரும்பாலும் அவருக்கு உண்டு. "இந்த ஒப்பந்தம் எங்கள் நாட்டுச் சட்டப்படிதான்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அவை போய்விடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில், எந்த ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் என்று சொல்லும் ரோம் 1 ஒழுங்குமுறையின் 8-வது பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது. நிறைய முதலாளிகள் அந்த ஒரு வரியை நம்பித்தான் நிம்மதியாக இருக்கிறார்கள்.

அதிகம் பேர் விழும் குழி, ஊழியரா ஒப்பந்ததாரரா என்ற கேள்விதான். பேப்பரில் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பதை அதிகாரியோ நீதிபதியோ கடைசியில்தான் பார்ப்பார். வேலை நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள், கருவிகள் யாருடையவை, அவர் தனக்குப் பதில் வேறொருவரை அனுப்ப முடியுமா, வருமானம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறதா, இவைதான் முன்னால் நிற்கும். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2006-ஆம் ஆண்டு 198-வது பரிந்துரையும் இதைத்தான் சொல்கிறது: உண்மையில் நடப்பதே அளவுகோல், ஒப்பந்தத்தில் எழுதிய பெயர் அல்ல. நிறுவனம் நடத்துபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் 'ஃப்ரீலான்சர்' உங்களிடம் லீவு கேட்கிறார் என்றால் அவர் ஃப்ரீலான்சர் இல்லை. பின்னால் தீர்ப்பு வந்தால் விட்டுப்போன சமூகப் பாதுகாப்புத் தொகை, வரி, விடுமுறைச் சம்பளம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும், அபராதமும் வரலாம்.

அடுத்தது, ஒரு நாட்டு ஒப்பந்தத்தை அப்படியே இன்னொரு நாட்டுக்கு அனுப்புவது. அமெரிக்காவில் மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில், காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வேலையை விட்டு அனுப்பலாம் என்பதுதான் பொது நிலை. அப்படி ஒரு வாக்கியத்தை ஒப்பந்தத்தில் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினால் செல்லாது. அங்கே பணிநீக்கக் கடிதம் பேனா மையால் கையெழுத்திட்ட காகிதமாகக் கைக்கு வர வேண்டும். மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் கணக்கில் வராது. 10 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 6 மாதம் தாண்டியவரை அனுப்பச் சட்டம் ஏற்கும் காரணமும் வேண்டும். ஆனால் ஊழியருக்கும் அங்கே ஒரு கெடு இருக்கிறது. அந்தக் கடிதம் கையில் கிடைத்ததிலிருந்து 3 வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால், தவறான பணிநீக்கம்கூட அநேகமாகச் சரியானதாகிவிடும். "பேசிப் பார்க்கலாம், அடுத்த மாதம் சொல்கிறோம்" என்று இழுத்தடிக்கும்போது ஓடுவது உங்கள் நாட்கள்தான். பேச்சுவார்த்தை நடக்கட்டும், மனுவையும் போட்டுவிடுங்கள்.

அப்புறம் பணம். பிலிப்பைன்ஸில் டிசம்பர் 24-க்குள் 13-வது மாதச் சம்பளம் தர வேண்டும், 1975-லிருந்து இது சட்டம். சாதாரண ஊழியர் அந்த ஆண்டில் ஒரு மாதம் வேலை பார்த்திருந்தாலே அந்த விகிதத்தில் கிடைக்கும். ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் 'மேனேஜர்' என்று ஒரு பட்டம் கொடுத்தால் பார்த்துக்கொள்ளுங்கள், பெயரளவுப் பட்டம் உரிமையைப் பறிக்காது. அமீரகத்தில் ஒரு வருடம் முடித்த வெளிநாட்டு ஊழியருக்கு வேலை முடியும்போது பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு: முதல் 5 வருடங்களுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். கணக்கு அடிப்படைச் சம்பளத்தில்தான். மொத்தத் தொகையைப் பெரிதாகக் காட்டி, அடிப்படையைச் சிறிதாக்கி, மீதியைப் படிகளாகப் பிரித்திருந்தால் கடைசியில் கையில் வருவது சுருங்கிவிடும். கையெழுத்துப் போடும்போது அந்த ஒரு எண்ணைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 4 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை உண்டு, வேலை முடியும்போது தவிர அதற்குப் பதிலாகப் பணம் கொடுத்துத் தீர்க்க முடியாது.

சட்டப்படி செய்ய நினைக்கும் சின்ன முதலாளியையும் அலுவலகங்கள் விடுவதில்லை. முதலாளியாகப் பதிய வரி எண் கேட்பார்கள், வரி எண்ணுக்கு உள்ளூர் முகவரி, முகவரி காட்ட ஒரு பிரதிநிதி. வங்கிக் கணக்கு திறக்கப் போனால் பதிவுச் சான்றிதழைக் கேட்பார்கள், அந்தச் சான்றிதழுக்கோ வங்கிக் கணக்கு எண் வேண்டும். இந்த வட்டத்தில் சில மாதங்கள் போய்விடும். ஆள் வேலையில் சேரும் தேதியைக் குறிப்பதற்கு முன்பே பதிவைத் தொடங்குங்கள். 'முதலில் சேரட்டும், பதிவு பின்னால்' என்று போனவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். நடுவில் அந்த ஊழியருக்கு விபத்து நடந்தால் காப்பீடும் சிக்கலாகலாம்.

இந்தத் தலைவலிக்காகத்தான் இ.ஓ.ஆர். (எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட், அதாவது பதிவில் முதலாளி) என்ற இடை நிறுவனங்கள் இருக்கின்றன. அவை உள்ளூர் முதலாளியாக இருந்து சம்பளமும் வரியும் பார்த்துக்கொள்ளும், வேலை உங்களுக்கு நடக்கும். சரி, உதவிதான். ஆனால் எல்லா நாட்டிலும் இது ஒரே மாதிரி இல்லை. ஜெர்மனியில் இந்த ஏற்பாடு பொதுவாக ஆள் வழங்கும் சட்டத்தில் வரும். அந்த நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும், ஒருவரை ஒரே வாடிக்கையாளர் நிறுவனத்தில் வைத்திருக்கப் பொதுவாக 18 மாதம்தான் வரம்பு. பணம் கட்டும் முன் அந்த நாட்டு உரிம எண்ணைக் கேளுங்கள். தராமல் சுற்றி வளைத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

வேலை செய்பவர்களுக்கு ஒன்று. ஆதாரங்களை வேலையில் இருக்கும்போதே சேர்த்து வையுங்கள், நீக்கிய அன்றே அலுவலக மின்னஞ்சலை மூடிவிடுவார்கள். ஒப்பந்தம், பே ஸ்லிப் அல்லது இன்வாய்ஸ், வங்கியில் பணம் வந்த கணக்கு, லீவு கேட்டதும் கொடுத்ததும், வேலை நேரம் பற்றி வந்த உத்தரவுகள், இவற்றின் நகல் உங்கள் சொந்த இடத்தில் இருக்கட்டும். வாடிக்கையாளர் விவரங்களையும் நிறுவன ரகசியங்களையும் மட்டும் எடுக்காதீர்கள், அது உங்கள் மீதே திரும்பும். 'எந்தப் பாக்கியும் இல்லை' என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கடைசி மாதச் சம்பளம் என்றால், அன்றே போடாதீர்கள். படித்துப் பார்க்க நேரம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த 72 இன்வாய்ஸ் வைத்திருந்தவர் இப்போது தன் ஊர்த் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார். முதல் நாள், "வெளிநாட்டு நிறுவனம், நாங்கள் எடுக்க மாட்டோம்" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுப்பதானால் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மனுவை வாங்கி முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.