மனுசருக்குப் பெறுமதி போடாதேங்கோ: விழுமியம் எண்ட சொல்லைப் பற்றி

கிளிநொச்சியில சின்னத் தொழில் செய்யிற ஆக்களுக்கு வைச்ச ஒரு பயிற்சிக்குப் போன கிழமை போனனான். தயிர், தேன், ஒடியல், கருவாடு விக்கிற சனம்தான் கூட. பின்னால கட்டியிருந்த பனரில "பகிரப்பட்ட மனிதப் பெறுமதிகள் ஊடாக வர்த்தக நாமத்தைப் பலப்படுத்தல்" எண்டு கிடந்தது. உந்த மனிதப் பெறுமதியை இந்த வருசத்தில நாலாவது தரமாப் பாக்கிறன், இனியும் பேசாமல் இருக்கேலாது.

பனரில கிடந்தது மொழிபெயர்ப்பு, ஆங்கிலத்தில வலியூ (value) எண்ட சொல். அது லத்தீன் வலேரேயில இருந்து வந்தது, பலமா இருக்கிறது எண்டு அர்த்தம். அவையளுக்கு விலைக்கும் நேர்மை, அன்பு மாதிரிக் குணங்களுக்கும் அந்த ஒரு சொல்தான். எங்களுக்கு ரெண்டு இருக்கு. பெறுமதி எண்டா ஒரு பொருள் என்ன விலை பெறும் எண்ட மதிப்பு. பெறுமதி சேர் வரி எண்டு நாங்கள் சொல்லுறது சரி, தமிழ்நாட்டில மதிப்புக் கூட்டு வரி எண்டுறதும் சரி, ரெண்டும் காசுக் கணக்கு. மற்றது விழுமியம். விழு எண்டா சிறப்பு, 131ஆம் குறளில "ஒழுக்கம் விழுப்பந் தரலான்" எண்டு வருகுதே, அதே அடி.

விழுமத்துக்குத் துன்பம் எண்டும் பொருள் இருக்கு, 107ஆம் குறளில "விழுமந் துடைத்தவர் நட்பு" எண்டுறது அதைத்தான். உதைக் காட்டி, விழுமியம் குழப்பமான சொல், பெறுமதிதான் சனத்துக்கு விளங்கும் எண்டு ஒருத்தர் என்னோட மல்லுக்கு நிண்டார். விழுமியம் எண்டதைக் கேட்டுத் துன்பம் எண்டு இண்டைக்கு ஆர் விளங்கினவை? பெறுமதி விளங்கும்தான், பிரச்சினையே அதுதான். போர் முடிஞ்சு வந்து இழப்பு விபரம் எழுதேக்க வீடு, மாடு, சைக்கிள் எண்டு ஒவ்வொண்டுக்கும் நேர பெறுமதி எண்டு எழுதின சனம் இது. அந்தச் சனத்துக்கு முன்னால மனிதப் பெறுமதி எண்டு தொங்கவிட்டா என்ன நினைப்பினம்? பக்கத்தில இருந்த அம்மா "ஆளுக்கு எவ்வளவு எண்டே தம்பி கேக்கினம்?" எண்டு மெல்லக் கேட்டவ. எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு.

"பகிரப்பட்ட" எண்டதும் பிழை. பகிர்ந்தா பங்கு பிரியும், எல்லாரிட்டயும் இருக்கிறதைப் பொதுவானது எண்டுதான் சொல்லுவம். மொழிபெயர்க்கிற ஆக்கள் எழுதினதை ஒருக்கா வாய்விட்டு வாசிச்சாலே பிடிபட்டிருக்கும், அகராதியில முதல் கிடக்கிற சொல்லைத் தூக்கி வைச்சிட்டுப் போகினம்.

பிராண்டுக்கு வர்த்தக நாமம் எண்டுறது பழகிட்டுது, அதை விடுவம். ஆனா பிராண்ட் எண்டதுக்கு அடியில கிடக்கிறது சுடுறது, மாட்டுக்குச் சுடுற குறி. பட்டி மாடு வளக்கிற வன்னியில அதை விளங்கப்படுத்தக் கஷ்டமே இல்லை: குறியைப் பாத்தா ஆற்ற மாடு எண்டு தெரியிற மாதிரி, பேரைக் கேட்டாத் தண்ணி கலக்காத தயிர் எண்டு தெரியோணும்.

சொல்லித் தந்த விசயம் நல்ல விசயம். ஷலோம் ஷ்வார்ட்ஸ் எண்ட உளவியலாளர் 1992இல பாதுகாப்பு, மரபு, பிறர்நலம் எண்டு 10 அடிப்படை விழுமியங்களை வகைப்படுத்தினவர், வாங்கிற சனம் பெரிசா மதிக்கிறது எது எண்டு அறிஞ்சு கதைக்கோணும் எண்டதுதான் பாடம். விழுமியம் புத்தகச் சொல் எண்டு நினைச்சா உதாரணத்துக்கு நாணயத்தைச் சொல்லலாமே, கடனுக்கு நெல்லுக் குடுக்கேக்க "நாணயமான ஆள்" எண்டு பாத்துத்தானே குடுக்கிறம்.

வெளிக்கிடேக்க "எல்லாருக்கும் பொதுவான விழுமியங்களால வியாபாரப் பேரை வளப்பம்" எண்டு ஒரு தாளில எழுதிக் குடுத்திட்டு வந்தனான். அடுத்த பயிற்சி முல்லைத்தீவில எண்டவை, பனர் இன்னும் அடிக்கேல்லையாம்.